மேல் ஓரத்தில் ஒரு பிள்ளையார் சுழி

அண்ணாச்சி இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

எந்த அண்ணாச்சி என்று கமெண்டில் கேட்காதீர்கள். அவரை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதை நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். நான் அப்போதுதான் இளம் ரிப்போர்ட்டர்களுக்கு சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்திருந்தேன். நாடு தாண்டிப் போகும் லஞ்சத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் பாடம்.

என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவராகத்தான் தேடி வந்தார். ஜங்ஷன் டீக்கடையில் மஞ்சள் பையிலிருந்து நாலு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தார்.

“இங்கன கையெழுத்துப் போடுத கவர்மென்ட் ஆபீசரோட மருமவன்தான் அங்கன துபாய்ல வாங்குத கம்பெனிக்கு மொதலாளி. லஞ்சம் அது வழியாத்தான் போவுது. நான் குடுத்தேன்னு மட்டும் வேண்டாம்மா... பொம்பளப் பிள்ளையப் படிக்க வச்சுக்கிட்டு இருக்கேன்.”

அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மேல் ஓரத்தில் ஒரு பிள்ளையார் சுழி. பேங்க் சலான், மளிகைச் சீட்டு, கம்பெனி இன்வாய்ஸ்... எதையும் விடமாட்டார். சுழியின் வாலை மட்டும் தாளின் ஓரம் வரை நீட்டி இழுப்பார். டீக்கடை பில்லிலும் போட்டதைப் பார்த்து நான் கிண்டல் செய்தேன். கை தானாகப் போகிறது என்று சிரித்தார்.

வகுப்புக்கு முன்னால் கருப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனி பெயர், ஆபீசர் பெயர், தேதி, சீல்... எல்லாவற்றையும் அழித்தேன். ரொம்பக் கவனமானவள் என்று எனக்கு என் மேலேயே ஒரு பெருமை வேறு.

சுழியை அழிக்கவில்லை. நம் வீட்டுத் தாளில் எல்லாம் இருப்பதுதானே... அதுவும் ஓர் அடையாளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பில் ஒரு பெண் ஆசையாக அந்தத் தாளை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். பார்த்ததும் எடுக்கச் சொன்னேன். அதற்குள் அது அவர் கம்பெனி வரை போய்விட்டது.

திங்கட்கிழமை அண்ணாச்சிக்கு வேலை இல்லை. அந்தச் செய்தியும் கடைசி வரை வெளிவரவில்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை போனை எடுத்தேன்... வைத்துவிட்டேன்.

அப்புறம் அவர் ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுத உட்கார்ந்தார். போன வருஷம் அம்மாவின் வாரிசு சான்றிதழுக்காகப் போனபோது எனக்கும் அவர்தான் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், வகுப்பு நடக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். மேல் ஓரம் வெறுமையாக இருந்தது.

சுழி போடவில்லையா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

பேனாவைப் பைய மூடினார். “இப்பம் போடுததில்லம்மா. அதப் பாத்துத்தான கண்டுபிடிச்சாங்க.” பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு, “பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்குடு” என்றார்.

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மனுவை மடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து யார் எந்தத் தாளை நீட்டினாலும் என் கண் முதலில் மேல் ஓரத்துக்குத்தான் போகிறது.

இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மகளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். “அப்பா உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லுவாவ” என்றாள் அவள். சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாளை சனிக்கிழமை. மார்க்கரால் அழித்த அந்த ஜெராக்ஸ் தாளை வகுப்புக்கு எடுத்துப்போகிறேன்... நான் எதை அழிக்காமல் விட்டேன் என்று காட்ட.

இந்தப் பதிவில் உங்கள் பெயர் இல்லை அண்ணாச்சி. ஊர் இல்லை, போட்டோ இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

போய் வாருங்கள்.