இனாம்தான், பெயரோடு

போனில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை ஆபிதா அழுத்துவதற்குள் நாம் கீழே இறங்கிப்போய் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துவிட்டு வந்துவிடலாம். நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பாள். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்களே, இவள் வாலையும் தூக்கிப் பார்க்கிற ரகம். “வாசிக்காம ஒத்துக்கிடுததுக்கு நான் என்ன கிறுக்கியா?” என்பாள்.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை ஒன்றில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நிரல் எழுதினாள். தோலைப் படம் எடுத்துக் கொடுத்தால், ஓட்டை, தழும்பையெல்லாம் ஒதுக்கி, எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்று அது காட்டிவிடும். கெட்டிக்காரி! அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டாள். நிபந்தனை இரண்டே இரண்டு: எழுதியவர்கள் பெயரை நீக்கக் கூடாது, திருத்தி வெளியிட்டால் திருத்தத்தையும் திறந்தே வைக்க வேண்டும். அந்தச் சந்தில், தோலின் மேல் வைத்து அளவு வரைகிற வெட்டு அட்டையை இரவல் வாங்குகிறவர்களுக்கும் இதுதான் வழக்கம். அட்டையில் உள்ள பட்டறைப் பெயரை யாரும் அழிப்பதில்லை. வளைவைச் சரிசெய்திருந்தால், சரிசெய்த அட்டையைத்தான் திருப்பித் தருவார்கள்.

இந்த வருஷம் வந்தது வினை. ஒரு கம்பெனி அந்த நிரலை எடுத்து, அவள் பெயரை அழித்து, தன்னுடையது என்று விற்றது. அதோடு விட்டதா? அதே நிரலை வைத்துத் தோல் வெட்டுகிற பக்கத்துப் பட்டறை முகம்மது ஹனீபுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டது: எங்கள் சொத்தைத் திருட்டுத்தனமாக ஓட்டுகிறீர்கள், உடனே நிறுத்துங்கள். ஆர்டர் பாதியில் நின்றது. பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“ஏளா, ஃப்ரீன்னுதானே குடுத்த? பொறவு எப்படி அது அவன் சொத்தாச்சு?” என்றார் ஹனீப்.

“ஃப்ரீயாத்தான் மாமா குடுத்தேன். அனாதையா விடலை.”

கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, உள்ளே ஓடும் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். பெயரை அழித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் அவள் தனக்காக எழுதிவைத்த குறிப்பை ஏதோ அவசியமான குறியீடு என்று நினைத்து அப்படியே விட்டிருந்தார்கள்: “ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் விடணும், ஹனீப் மாமா சொன்னாவ.”

வேறென்ன சாட்சி வேண்டும்! தான் முதலில் வெளியிட்ட தேதியோடு எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பினாள். கம்பெனி வக்கீல் போனில் குழைந்தார், விலை பேசலாம் என்றார். “பைசா நஹி சாஹியே” என்றாள் ஆபிதா. “நாம் டாலோ, கோட் கோலோ.” காசு வேண்டாம், பெயரைப் போடு, நிரலைத் திற. அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் நோட்டீஸ் வாபஸ். பெயர் திரும்ப வந்தது, அவர்கள் செய்திருந்த திருத்தங்களும் திறந்தன. ஹனீப் பட்டறையில் கத்தி மறுபடி ஓடியது. “நம்ம பிள்ள வக்கீலையே மடக்கிட்டால்லா!” என்று மாஹிம் வரைக்கும் சொல்லித் திரிந்தார் மனிதர். ஆபிதாவுக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

வந்த திருத்தங்களில் ஒன்று அருமையாக இருந்தது. இழுபடும் தோலுக்குக் கணக்கு மாற்றுகிற வித்தை. எழுதியவன் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற நகுல். ஆபிதா அதைத் தன் நிரலில் சேர்த்தாள்.

“ஏளா, நம்ம பேரை அழிச்ச கூட்டத்து ஆளுல்லா அவன்?” என்று ஹனீப் எட்டிப் பார்த்தார்.

எழுதியவர்கள் பட்டியலில், தன் பெயருக்கு அடுத்த வரியில், ஆபிதா அவன் பெயரைத் தட்டினாள்.