எட்டாவது பெயர்

கொழும்பு, கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரே அறை. தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைக்க வேண்டாம். வரிசையாகப் பலகை வீடுகள், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். நாங்கள் ஏழு பேரும் படுத்தால் கதவைத் திறக்க முடியாது.

மாநகரசபை மாடிவீடு கொடுக்கப்போகிறது என்று அப்போது ஒரு பேச்சு. முன்பிருந்த மெம்பர் என்னோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அதே குழாயில் குளிக்கிறவன், தண்ணீர் நின்றால் முதலில் கத்துவதும் அவன்தான். அடுத்த தேர்தலில் கட்சி அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. வந்தவர் ஒரு வக்கீல். நல்ல மனிதர்தான், ஆனால் தோட்டத்து வாசலில் ஓடும் சாக்கடைக் கானைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. எனக்கு எழுத்து வராது, வக்கீலின் ஆள்தான் வீட்டுப் படிவத்தை நிரப்பினான்.

"அண்ணே, ஏழு பேர் காணாது. தலை கூடினாத்தான் வீடு."

"யாழ்ப்பாணத்தில மனிசியின்ர தம்பி இருக்கிறான்."

"அவன் இங்க இருக்கிறான் எண்டு போடுவம்."

சண்டைக் காலம், தமிழ் வீடுகளில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும்; அந்தப் பட்டியலில் ஏழு பெயர். இந்தப் படிவத்தில் எட்டு. இரண்டு தாளும் ஒரே கைக்குப் போகும் என்று நான் யோசிக்கவேயில்லை.

ஒரு காலை தோட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் காட்டி, "அட்டவெனியா கோ?" என்றார். எட்டாவது ஆள் எங்கே என்கிறார். யாழ்ப்பாணத்து இளைஞனைப் பதியாமல் ஒளித்து வைத்திருக்கிறேனாம். குழாயடியில் மனைவியின் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி வக்கீல் வீட்டுக்கு ஓடினாள். ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைத் தேடி வந்தது பழைய மெம்பர்தான், துறைமுக வேலைக்குக் கட்டிய சாரத்தோடு.

"மச்சான், உண்மையைச் சொல்லு. வீடு போனாப் போகட்டும்."

"இவ்வளவு காலம் காத்திருந்தனான்டா."

"சொல்லாட்டி இவங்களே உனக்கு ஒரு அறை தருவாங்கள், வாடகையும் இல்ல." சிரித்தான்.

அவன் சிங்களத்தில் சொல்லச் சொல்ல எழுதினார்கள்: அப்படி ஒருவன் எங்கள் வீட்டில் இல்லை, வந்ததுமில்லை, வீடு கிடைக்கும் என்று சொன்ன பொய். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். வீட்டுப் படிவத்தைக் குறுக்கே கோடிழுத்து வெட்டி, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கதவில் தட்டல். மனைவியின் தம்பி நின்றான், கையில் ஒரு பை.

"அத்தான், அங்க இருக்கேலாது."

மனைவி அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். என் பெருவிரலில் ஊதா மை இன்னும் போகவில்லை. குழாயடியில் பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது.