என் கண்ணாடியும் சோலைமலையின் மேசையும்

சோலைமலையைப் பற்றிச் சொல்வதென்றால் என் கண்ணாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முடி வெட்டுகிறவன் நான். ஹட்டனில் வாங்கிய, முகம் பார்க்கும் தடித்த கண்ணாடி அது. என் பெண்டாட்டியைக்கூடத் தொட விட்டதில்லை.

சோலைமலை எங்கள் பாக்டரிப் பட்டறையில் பிட்டர். 1957இல் கொழுந்து அரைக்கும் மெஷின் அவன் இடது கையில் நான்கு விரல்களை வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனிடம் தோட்டத்தை நடத்தும் துரை கறாராகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள், யாரும் பிடித்துக்கொடுக்காமல், தேயிலை சலிக்கும் சல்லடைக்கு ஒரு இரும்புச் சட்டம் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மலையில் புல்லு வெட்டத்தான். சட்டத்தின் இரும்புகளை ஒரு கை அழுத்திப் பிடிக்க, மறு கை ஈயம் பற்றவைக்க வேண்டும். பிடிக்கிற கைதான் போய்விட்டதே.

அவன் ஹட்டனுக்குப் போய், மஃறூப் நானாவின் பழைய இரும்புக் கடையில் லொறி எஞ்சின்களிலிருந்து கழற்றிய காந்தங்கள் ஆறு வாங்கி வந்தான். இரும்பில் ஒரு மேசை இருந்தால் காந்தங்களே சட்டத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அவன் யோசனை. பாக்டரிக்குப் பின்னால் கிடந்த தடித்த தகடு ஒன்றைத் தண்டவாளத் துண்டுகள் மேல் ஏற்றினான். ஆனால் தகடு மேடும் பள்ளமுமாக இருந்தது. அதில் செய்தால் சட்டமும் கோணலாகத்தான் வரும்.

மேடு எங்கே என்று கண்டுபிடிக்கத் துளியும் வளையாத ஒரு பொருள் வேண்டும். தோட்டத்தில் அப்படி இருந்தது என் கண்ணாடி ஒன்றுதான். அதைக் கேட்டு வந்தவனைப் போடா என்று விரட்டிவிட்டேன். மறுநாள் அவன் மனைவி அழகம்மா வந்து நின்றாள்.

"கை போனப்பக்கூட அழலண்ணே. நேத்து அழுதுட்டாரு."

கொடுத்துத் தொலைத்தேன். பாவி, அதில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினான். கண்ணாடியைத் தகட்டின் மேல் கவிழ்த்து எடுத்தால் மேடான இடங்களில் கரி ஒட்டும். அங்கே மட்டும் அரத்தால் உரசுவான். கவிழ்க்க இரண்டு கை வேண்டுமே. உடைத்துவிடுவானோ என்ற பயத்தில் மூன்று வாரமும் சாயங்காலம் நானே போய்க் கவிழ்த்தேன். கரி எங்கும் ஒரே சீராக ஒட்டிய அன்று இரண்டு பேரும் கூத்தாடினோம்.

அந்த மூன்று வாரமும் தோட்டமே கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துகொண்டது. மேசை நினைப்பிலேயே நான் பெரிய கங்காணியின் மீசையில் ஒரு பக்கம் கூடுதலாக எடுத்துவிட்டேன். வட்டகொடை ஸ்டேஷனில் யாரோ சிரித்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

மாதக் கடைசியில் துரை பட்டறைக்கு வந்தார். சோலைமலை இரும்புகளை மேசையில் அடுக்கி, டக் டக்கென்று காந்தங்களை வைத்து, ஒற்றைக் கையால் பற்றவைத்தான். துரை அந்தச் சட்டத்தை என் கண்ணாடி மேல் வைத்து நாலு மூலையையும் தட்டிப் பார்த்தார். அது ஆடவே இல்லை. ஆனால் மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் பெரிய கங்காணி பேர் படித்தார். புல்லு வெட்டுகிறவர்கள் பேரெல்லாம் முடிந்தது. அதில் சோலைமலை பேர் இல்லை.

"பட்டறைக்குச் சோலைமலை" என்றார்.

கொழுந்துக் கூடையோடு நின்ற அழகம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கங்காணி சட்டென்று மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.