மடித்துவைத்த ரப்பர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் செக்கர். தோலில் ஒரு மடிப்பு தெரிந்தாலும் அந்த பீஸ் ரிஜெக்ட். கடைக்குப் போனாலும் அந்தப் புத்தி போகாது.

ஏரிப் பறவைகளைப் பார்க்கச் சின்ன பைனாகுலர் வாங்க வேலூர் போயிருந்தேன். கடைக்கார பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். கண் வைக்கும் இடத்தில் ரப்பர் வளையங்கள் இரண்டும் மடிந்திருந்தன.

“இன்னா பாய், யாரோ திருப்பிக் குடுத்த பீஸா?”

“புதுசுதாம்மா. நான்தான்...”

“வேணாம். பிரிக்காத டப்பா குடுங்க.”

சீல் பிரிக்காத டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில், மூக்குக்கண்ணாடியோடு அதைக் கண்ணில் வைத்தேன். பொத்தான் அளவுக்குத்தான் ஏரி தெரிந்தது, சுற்றிலும் இருட்டு. மறுநாள் கம்பெனி பஸ்ஸில், “அந்தக் கடைக்குப் போவாதீங்க, ஏமாத்துறாரு” என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள். நான் செக்கராயிற்றே.

அடுத்த ஞாயிறு, அந்த மடிந்த பீஸ் ஞாபகம் வந்து, என்னுடையதிலும் ரப்பரை மடித்துப் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடி பைனாகுலர் லென்ஸை ஒட்டி உட்கார்ந்தது. ஏரி முழுவதும் தெரிந்தது. நடுத் திட்டில் ஒரு நாரை, கால் விரல் வரைக்கும்.

பாய் என் முகத்தைப் பார்த்து அதை மடித்திருக்கிறார். நான் அவர் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.