கரகம் எழும்பிய பாட்டு

எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் எண்ணெய்ப்பனைப் பழத்தின் வாடை அத்தையின் கையை விட்டுப் போகாது. அந்தமானின் ஹட் பேயில் எங்கள் தோட்டக் காலனியில் மாரியம்மன் அருள் வருவது அப்பாவின் அக்காவான அந்த அத்தை மேல்தான் என்பதால், ஆடித் திருவிழாவில் கரகம் தூக்குவதும் அவரே. அதற்கான விரதத்தையும் இருப்பார்; சாயங்காலம் எங்கள் வீட்டு டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து தமிழ்ப் படமும் பார்ப்பார். "சாமி வர்ற ஒடம்புக்குக் கூத்தாடிப் பாட்டு ஆகாதும்மா" என்று பூசாரி மாமா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். அத்தை பவ்யமாகத் தலையாட்டுவார். கண் மட்டும் டிவியை விட்டு நகராது. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுவது என் வேலை.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து எங்கள் பெரியவர்கள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஓடைக்கரையில் ஜோடித்து வைத்த கரகத்தை, உடுக்கை அடித்து அம்மனை "வர்ணித்து", அருள் வந்த பிறகே தூக்கலாம். வராவிட்டால் கரகமும் அங்கேயே, திருவிழாவும் அங்கேயே. உடுக்கைக்காரர் இருந்ததோ போர்ட் பிளேயரில். எனக்குப் பதினொரு வயதான ஆடியில் கடல் கொந்தளித்து "ஷிப் கேன்சல்" ஆனது. எங்கள் தீவில் அந்த இரண்டு சொல்லுக்கு மேல் எவருடைய அதிகாரமும் செல்லாது.

பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி மாமா தெரிந்த வர்ணிப்பையெல்லாம் தொண்டை கட்டும்வரை பாடினார். அத்தை ஈரப் புடவையோடு கண்ணை மூடி அசையாமல் நின்றார். பின்னாலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது: "வெரதத்துல படம் பாத்தா ஆத்தா எப்பிடி வருவா?" மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்தேன். இனி அத்தையைக் கோயில் காரியம் எதிலும் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தேன்.

பொழுது சாய்ந்தது. மாமா, மைக் செட் போட வந்திருந்த பெங்காலி அண்ணனிடம் திரும்பி, "சாமி பாட்டு ஏதாச்சும் ஹை க்யா?" என்று தெரிந்த இந்தியில் கேட்டார்.

"ஃபிலிம் கா ஹை, சாச்சா. தமிழ் பிக்சர்."

மாமா கரகத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "சரி, லகாவ், போடு" என்றார்.

அத்தையும் நானும் பாடித் தேய்த்த அதே குத்துப் பாட்டு. மேளம் விழுந்த சற்று நேரத்துக்கெல்லாம் அத்தையின் தோள் குலுங்கியது. மாமா அப்போதும் விடவில்லை. கற்பூரத்தை ஏற்றி அத்தையின் உள்ளங்கையில் வைத்து, ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார்.

"வந்திருக்கறது யாரு?"

"மாரிடா."

"கூத்தாடிப் பாட்டுக்கு வந்துட்டியே தாயி, இது அடுக்குமா?"

"ஒன் உடுக்க கப்பலுக்குக் காத்திருக்கும்டா. எம் புள்ளைகளப் பாக்க நானும் காத்திருக்கணுமா?"

மாமா நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். முணுமுணுத்தவர்களும் விழுந்தார்கள். கரகம் எழும்பியது. பேசியது ஆத்தாவா, நீங்களா என்று பிறகு ஒருநாள் அத்தையிடம் கேட்டேன். "எனக்கென்னடி ஞாபகம்" என்று சிரித்துவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இன்று தோட்டம் மூடிக் காடாகிவிட்டது. அந்த வாடை இல்லை, புனல் ஸ்பீக்கர் இல்லை, அத்தையும் இல்லை. போன ஆடியில் அவருடைய மகள் முதன்முதலாகக் கரகத்தின் முன் நின்றாள். கப்பல் ஒழுங்காக வந்திருந்தது, உடுக்கையும் நன்றாகவே முழங்கியது. அவள் மட்டும் அசையவில்லை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தள்ளாத வயதில் கோலூன்றி வந்த பூசாரி மாமா, இடுப்பு மடிப்பிலிருந்து செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பாட்டப் போடும்மா. ஆத்தாவுக்குப் பழகிப்போச்சு."

போட்டேன். அவள் தோள் குலுங்கியது.