கதவுப் பிடியில் தொங்கிய பென் டிரைவ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பைப் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய மிட்சுயோ, தன் வீட்டுக் கதவுப் பிடியில் அந்தப் பை தொங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவில் அவள் கையாலேயே மாட்டிவிட்டு வந்த பை அது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. உள்ளே அந்தச் சின்னப் பென் டிரைவ் அனுப்பியபடியே கிடந்தது. யாரோ நல்ல மனசு பண்ணி இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கூடப் போட்டிருந்தார்கள்.

"ஆரஞ்சு! நான் ஆரஞ்சா கேட்டேன்?" என்று செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கத்தினாள்.

"என்னாச்சு?" என்றார் உள்ளிருந்து அவள் கணவர் யோஷினோரி.

"வேலை திரும்பி வந்துடுச்சு."

ஹிராய்வா மிட்சுயோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ரயிலடிக்குப் பக்கத்துப் பேரங்காடியில் சமைத்த பதார்த்தப் பிரிவில் குரோக்கே என்னும் உருளைக்கிழங்கு வடை பொரிப்பவள். அங்கே அவளைவிட வேகமாகப் பொரிப்பவர் இல்லை. தெருச் சங்கத்திலோ அவள் பெயர் 'செயலாளரம்மா'. அந்தப் பொறுப்பு வருடத்துக்கு ஒரு வீடாக மாறிமாறிப் போக வேண்டியது. ஆறு வருடமாக அவள் வீட்டை விட்டு நகரவில்லை.

நகராததற்குக் காரணம் அவள் கெட்டிக்காரத்தனம்தான். முன்பெல்லாம் சங்கத்தின் கணினி ஒரு பழைய தள்ளுவண்டியில் வீடு வீடாகப் போகும். ஒருநாள் மழையில் நனைந்து அது செத்துப்போனது. அதன் பிறகு அவரவர் வீட்டுக் கணினியில் செய்தார்கள். ஒருவர் அடித்த குப்பை முறைப் பட்டியல் அடுத்தவர் வீட்டில் திறக்காது, திறந்தாலும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். மிட்சுயோவின் முறை வந்தபோது, கணினிப் பத்திரிகையோடு வந்த ஒரு வட்டை வைத்துக்கொண்டு, பத்திரிகையைச் சோயா சாஸ் புட்டியின்மேல் சாய்த்து நிறுத்திப் படித்துப் படித்து, ஒரு முழு இயங்குதளத்தையே பென் டிரைவுக்குள் ஏற்றினாள். எந்த வீட்டுக் கணினியிலும் அதைச் செருகி, அதிலிருந்தே இயக்கினால் போதும். சங்கத்தின் பட்டியல்களும் சுற்றறிக்கைகளும் திரையில் வந்து நிற்கும். வேலை முடிந்து அணைத்துப் பிடுங்கிவிட்டால் அந்த வீட்டுக் கணினி பழையபடி. ஒரு தூசு கூட ஒட்டாது. அடுத்த வீட்டுக்கு எளிதாகக் கைமாற வேண்டும் என்பதற்காகவே அவள் அதைச் செய்தாள்.

செய்ததும் என்ன நடந்தது? "இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும், ஹிராய்வா-சான்" என்று, பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

இந்த ஏப்ரலில் அவளைப் பிரிவுத் தலைவியாக்குவதாகக் கடை மேலாளர் சொல்லியிருந்தார். பகுதிநேரக்காரியாகச் சேர்ந்து பதினைந்து வருடம் கழித்து வந்த பதவி. ஆனால் ஞாயிறு வேலை செய்தே ஆக வேண்டும். சங்கக் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை பக்கத்து வீட்டு குசகபே-சானுடையது. பெரிய கம்பெனியில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவளே நேரில் போய்ச் சொன்னாள்.

"என் கம்ப்யூட்டர் ரொம்ப விலை உசந்தது," என்றார் அவர். "ஊர்க்காரங்க சாமானை எல்லாம் அதுல குத்த முடியாது."

"உங்க கம்ப்யூட்டரை அது தொடவே தொடாதுங்க. தன்னாலே ஓடும்."

"தொடாம எப்படி ஓடும்? நீங்க வீட்டுல இருக்கறவங்க, உங்களுக்கு நேரம் இருக்கும்."

நாள் முழுக்கக் கொதிக்கும் எண்ணெய்முன் நிற்கிறவளைப் பார்த்து, வீட்டில் இருக்கிறவளாம்! அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு தாளில் எல்லாம் எழுதினாள். மேலே, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்ற விவரம். கீழே, 'சங்கத்தின் பென் டிரைவைப் பெற்றுக்கொண்டு, இந்த ஆண்டின் செயலாளர் பொறுப்பை ஏற்கிறேன்' என்ற வரி, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் குடும்ப முத்திரைக்கு இடம். மணியை அடித்தாள், யாரும் வரவில்லை. மழை தூறியது. தாளையும் பென் டிரைவையும், வீடு வீடாகச் சுற்றறிக்கை போகும் பிளாஸ்டிக் பையிலேயே போட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தாள்.

தப்பு அங்கேதான். அந்தப் பையைப் பார்த்தால் அந்தத் தெருவில் எவரும் படிக்க மாட்டார்கள். முத்திரையை எடுப்பார்கள், குத்துவார்கள், அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுவார்கள். தாளில் முத்திரைக்கு விட்ட இடம் நிறைந்து, ஓரங்களிலும் சிவப்பு வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. முதல் வட்டத்துக்குள் குசகபே என்ற பெயர்.

மிட்சுயோ அந்தத் தாளை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு ஆரஞ்சை உரித்துத் தின்றாள். அன்றைய சங்கக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

சங்கக் கூடத்தில் தேநீர் ஊற்றி முடிந்திருந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்து, "செயலாளர் பொறுப்பு... இந்த வருஷமும் ஹிராய்வா-சானே..." என்று இழுத்தார்.

"பையை மறுபடி உங்க கதவுல பார்த்தேனே!" என்று குசகபே சிரித்தார். "வீடு தெரிஞ்ச பூனை மாதிரி திரும்பி வந்துடுச்சு பாருங்க." நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள்.

மிட்சுயோ எழுந்தாள். "குசகபே-சான், இந்தத் தாளைக் கொஞ்சம் வாசிங்க. சத்தமா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். பாதி வரியில் குரல் இறங்கியது.

"கேக்கல," என்றாள் மிட்சுயோ.

"...பொறுப்பை ஏற்கிறேன்."

"முதல் முத்திரை யாரோடது?"

"இது... சுற்றறிக்கைன்னு நினைச்சு என் வீட்டுக்காரிதான் குத்தியிருப்பா."

மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஃபுமிகோ மெல்ல எழுந்தாள். "நான்தான் குத்தினேன். படிக்கல. மன்னிச்சுக்கோங்க, ஹிராய்வா-சான். நானே செஞ்சுடறேன், கொடுங்க."

மிட்சுயோவுக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "நீங்க உக்காருங்க, ஃபுமிகோ-சான்! ஆறு வருஷமா ஒரு பொம்பளை செஞ்சா, ஏழாவது வருஷம் இன்னொரு பொம்பளையா? முத்திரையில குசகபேன்னு குடும்பப் பேருதான் இருக்கு. முறைப் பட்டியல்ல இருக்கறது அவரு பேரு. கம்பெனியில படிக்காம முத்திரை போட்டுட்டு, என் பொண்டாட்டி போட்டதுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா? இல்ல, யாருக்குமே வேண்டாம்னா, இதுல முத்திரை போட்ட எல்லாருமே செயலாளர்தான். இப்பவே ஆரம்பிப்போம்."

எல்லாத் தலைகளும் தேநீர்க் கோப்பைகளை நோக்கிக் குனிந்தன. தலைவருடைய முத்திரையும் அதில் இருந்தது. அவர் அவசரமாக, "முறைன்னா முறைதானே, குசகபே-சான்" என்றார்.

"என் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஃபுமிகோ உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ஒண்ணும் ஆகாதுன்னு அவங்க சொன்னாங்களே. உங்க கோல்ஃப் போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கும்."

இந்த முறை சிரிப்பு குசகபே பக்கம் திரும்பியது. மிட்சுயோ சிரிக்கவில்லை. பென் டிரைவை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அங்கிருந்தே கடை மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு, வெள்ளைத் தொப்பியும் புதுப் பெயர் அட்டையுமாக அவள் குரோக்கேக்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, வரிசையில் குசகபே நின்றார். கையில் பென் டிரைவ்.

"ஹிராய்வா-சான், செருகினேன். பொத்தானை அழுத்தினேன். எப்பவும் வர்ற என் திரையேதான் வருது."

"எப்ப அழுத்தினீங்க?"

"எல்லாம் வந்து நின்னப்புறம்தான்."

"ஆன் பண்ணின உடனே அழுத்தணும். தாள்ல முதல் வரியே அதுதான். படிச்சீங்களா?"

அவர் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போய்ப் படிங்க. எத்தனை குரோக்கே வேணும்?"

"நாலு" என்றார் செயலாளர்.