பாத்ரூம் வாசலில் அம்மாவின் நீலப் புடவை

விரிப்பு வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதைக் கவிழ்த்துப் பாருங்கள் என்பதுதான். திண்டிவனத்தில் திரைச்சீலையும் விரிப்பும் விற்கும் கடையில் எனக்கு வேலை. தறியில் நெய்த ஜமுக்காளம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீருக்கும் அசராது, கல்யாணக் கூட்டத்துக்கும் அசராது. முடிச்சுப் போட்டு நெய்த கம்பளத்தின் முதுகில் ஒவ்வொரு முடிச்சும் தெரியும். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மூன்றாவது ஒன்று உண்டு. மெஷினால் நூலைத் துணியில் குத்தி இறக்கி, பின்னால் பசை தடவி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். பார்க்கப் புசுபுசுவென்று இருக்கும். தூசு தட்டலாம், ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறவைக்க மட்டும் கூடாது.

விழுப்புரத்தில் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, ஹாலில் போட்டிருந்தது இந்த மூன்றாவது வகை.

அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் கொண்டுபோனது எந்தக் கடையிலும் கிடைக்காதது. இறந்துபோன என் அம்மாவின் நூல் புடவைகளை நீளநீளமாகக் கிழித்து, சடையாகப் பின்னி, அந்தச் சடையை வட்டமாகச் சுற்றிச் சுற்றி விரிப்பாகத் தைத்திருந்தேன். அம்மா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகும்போது கட்டிய நீலப் புடவை நடுவில். அதைக் கிழிக்கும்போது அழுதேன். எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று அந்த ஹாலில் கிடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"இன்னாம்மா இது? புது வீட்டுக்குக் கந்தலைத் தூக்கிக்கினு வந்திருக்கிற," என்றார் நாத்தனார், வந்த உறவு அத்தனைக்கும் கேட்கும்படி.

"எங்கம்மா பொடவை அண்ணி."

"அதான் சொல்றேன்," என்று சிரித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது அது பாத்ரூம் வாசலில் கிடந்தது. யாரோ ஈரக்காலை நீலத்தின்மேல் தேய்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மிதிக்காமல் தாண்டி வந்து, சிரித்தபடியே தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டேன்.

"அக்கா வாய் அப்படித்தான், விடு," என்றார் கணவர். என் மனசும் அப்படித்தான், விடவில்லை.

போகிக்கு முன்னால் நாத்தனார் போன் பண்ணினார். வீட்டில் ஒரு துணி விடாமல் நனைத்துப் போடுகிற சமயம். "கார்ப்பெட்டுல தூசு ஒரே பேஜாரா இருக்குதும்மா. நீ கடையில இருக்கிறவளாச்சே, எப்படித் தொவைக்கிறது?"

"சுடுதண்ணியில சோப்புத் தூள் போட்டு ஊற வெச்சிடுங்க அண்ணி. நல்லா ஊறணும், அவசரப்படாதீங்க. அப்புறம் அடிச்சுத் தொவைங்க," என்றேன். அவ்வளவு அன்பாக அவரிடம் நான் பேசியதே இல்லை.

பொங்கலுக்குப் போனோம். கார்ப்பெட் மொட்டை மாடியில் தொங்கியது. ஒட்டுத்துணி உரிந்து, பசை கட்டிகட்டியாகத் திரண்டு, நூல் கொத்துக்கொத்தாகப் பக்கத்து வீட்டு மாடி வரை பறந்து கிடந்தது. பார்க்கப் பார்க்க என் வயிறு குளிர்ந்தது. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

"கடைக்காரன் ஏமாத்திட்டாம்மா," என்றார் நாத்தனார். "இந்த மாசம் எம் பொண்ணைப் பொண்ணு பாக்க வர்றாங்க, ஹாலு மொட்டையா கெடக்கு. நீ பின்னுவியே, அது மாதிரி பெருசா ஒண்ணு ஜல்தியா பின்னிக் குடேன்."

என் மாமியார் போனபின் அவருடைய கல்யாணக் கூரைப் புடவையை நாத்தனார்தான் பீரோவில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். யாரையும் தொட விடமாட்டார்.

"பின்னித் தர்றேன் அண்ணி. பீரோவுல உங்கம்மா கூரைப் பொடவை இருக்குல்ல, எடுத்துக்கினு வாங்க. கிழிக்கணும்."

அவர் முகம் செத்துவிட்டது. "எங்கம்மா பொடவையையா?"

"கந்தல்தானே அண்ணி."

நான் கீழே போய், பாத்ரூம் வாசலில் கிடந்த என் அம்மாவைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.